வி-கிராஸ் பின் சீட்டுக்கு அடியில சப்வூஃபர் (அடி சத்தத்துக்குனு தனி ஸ்பீக்கர்), எந்த பாக்ஸ் போடலாம்? மீன் வண்டி, ஈரம் ஜாஸ்தி

காசிமேட்டு வண்டி:

வணக்கம். ரொம்ப நாளா படிச்சிகினு மட்டும் தான் இருந்தேன், இப்ப தான் மொத தபா கேள்வி போடறேன். கொஞ்சம் நீளமா போயிடுச்சி, பொறுத்துக்கோங்க.

வண்டி இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ், 2018, செகண்ட்ஸ்ல எடுத்தது, நாலு டோர். பின்னாடி தொட்டில ஐஸ் பொட்டியும் மீனும் போவும். உள்ள பின் சீட்ல ஒரு நாள் போட் ஆளுங்க ரெண்டு பேர், ஒரு நாள் அம்மாவும் அக்கா பசங்களும். அதனால பின் சீட்டு கண்டிப்பா வேணும், அத்த கழட்டிட்டு பாக்ஸ் வைங்கனு மட்டும் யாரும் சொல்லிடாதீங்க. விடியக்காலைல ரெண்டரைக்கு ஹார்பருக்குள்ள போனா ஏலம் முடிஞ்சி லோடு ஏத்தி கடை கடையா எறக்கிட்டு வீட்டுக்கு வர பத்து பதினோரு மணி ஆயிடும், அவ்ளோ நேரமும் பாட்டு தான் கூட வருது. ஜாஸ்தி கேக்கறது கானா. கம்பெனி ஸ்பீக்கர்ல குரல் நல்லா தான் கீது, ஆனா டோலக்கு அடிக்கும்போது தகர டப்பாவ தட்டுன மாதிரி வருது, அந்த அடில இருக்கற கனம் வரவே மாட்டேங்குது. எங்க தெருவுல கானா கச்சேரி நடக்கும்போது டோலக்குக்கு பக்கத்துல ஒக்காந்து கேட்டு வளந்தவன் நான், அந்த கனம் இல்லாம கேட்டா எனக்கு பாதி பாட்டு தான்.

போன வருஷம் ஒரு கடைல போய் கேட்டேன், பேரு வாணாம். 12 இஞ்ச் ஸ்பீக்கர் போட்ட போர்ட்டட் (காத்து வெளிய வர பைப்பு வெச்ச) ரெடிமேட் பாக்ஸ் ஒண்ண பின் சீட்டுக்கு முன்னாடி கால் வெக்கற எடத்துல எறக்கி வெச்சிட்டாங்க. பின் சீட்ல யார்னா ஒக்காருவாங்களானு ஒரு வார்த்தை கேக்கல. அது எம்.டி.எஃப்., அதாவது மர நார அமுக்கி செஞ்ச பலகை. நம்ம வண்டில ஏறறவங்க கால்ல எல்லாம் ஐஸ் தண்ணியும் உப்பு தண்ணியும் தான், மூணே மாசத்துல அடிப்பலகை டீல நனைச்ச பன்னு மாதிரி உப்பி, ஸ்க்ரூ எல்லாம் கையால இழுத்தாலே வந்துடுச்சி. 9000 ரூபா. அந்த காசு ஒரு வாரம் முழுக்க தூக்கம் கெட்டு சம்பாரிச்சது, இன்னும் மனசு ஆறல.

இப்ப சீட்டுக்கு அடியிலயே உருப்படியா செய்யணும்னு முடிவு பண்ணிட்டேன். சீட்ட தூக்கிட்டு டேப் வெச்சி அளந்த அளவு இது. நீளம் மொத்தம் 110 செமீ, ஆனா ஒரு ஓரத்துல ஜாக்கும் ஸ்பேனரும் இருக்கறதால அதுல 30 போயிடும், மீதி 80. முன்னுக்கு பின் அகலம் தரைல 30, மேல சீட்டு கிட்ட 26, பின் சுவரு சாய்வா வருது. உயரம் சீட்டோட அடி கம்பிக்கு கீழ கொஞ்சம் எடம் விட்டு 17. நடுவுல ஒரு மேடு, 25 அகலம், 4 உயரம்.

முழுசா அடைச்ச சீல்டு பாக்ஸா, போர்ட்டடா? 12 இஞ்ச் போவுமா, இல்ல ரெண்டு 8 இஞ்ச் போடறதா? பலகை எது போட்டா தண்ணிக்கு தாங்கும்? பட்ஜெட் ஆம்ப்ளிஃபயர் சேத்து 25000 வரைக்கும் சமாளிப்பேன். அவசரம் இல்ல, இந்த தபா சரியா வரணும்.


பெரம்பூர் ஆசாரி:

தம்பி, அளவெடுத்துட்டு வந்து கேட்டதுக்கே உங்கள பாராட்டணும். பாதி பேரு நல்ல பாக்ஸ் எதுனு மட்டும் கேப்பாங்க, அதுக்கு பதிலே கெடையாது. நான் மரவேலை, இருவது வருஷமா ஸ்பீக்கர் பொட்டியும் செய்யறேன், அதனால பொட்டி பக்கம் இருந்து சொல்றேன்.

சீட்டுக்கு அடியில வெக்கறதா இருந்தா ஸ்பீக்கர வாங்கிட்டு பாக்ஸ தேடக்கூடாது. மொதல்ல எடம், அந்த எடத்துல பாக்ஸுக்கு எத்தன லிட்டர் காத்து கெடைக்கும்னு கணக்கு, அந்த லிட்டருக்கு எந்த ஸ்பீக்கர் ஒத்துவரும்னு பாத்துட்டு கடைசியா தான் கடைக்கு போகணும். உங்ககிட்ட வித்தவங்க இத தலகீழா பண்ணியிருக்காங்க, அதான் காசும் போச்சு எடமும் போச்சு.

உங்க அளவ வெச்சி கணக்கு போட்டேன். 80 நீளம், 17 உயரம், அகலம் மேலயும் கீழயும் சேத்து சராசரி 28. 18 மில்லிமீட்டர் எம்.டி.எஃப்.ல செஞ்சா நீளம், அகலம், உயரம் ஒவ்வொண்ணுலயும் ரெண்டு பலகை தடிமன் கழியும், அதாவது 3.6 செமீ, உள்ள 25 லிட்டர் தான் நிக்கும். அதே பாக்ஸ் 12 மில்லி மரைன் ப்ளைவுட்னா 29 லிட்டர். பலகைய மாத்துனதுலயே நாலு லிட்டர் கெடைக்குது, சீட்டுக்கு அடியில நாலு லிட்டர்ங்கறது பெரிய விஷயம். கடைல கேக்கும்போது சும்மா வாட்டர்ப்ரூஃப்னு கேக்காதீங்க, பலகை மேலயே ஐ.எஸ். 710னு முத்திரை இருக்கணும், அது தான் மரைன் கிரேடு. 303னு இருந்தா அது சாதா ப்ளைவுட், வீட்டு அலமாரிக்கு சரி, உங்க வண்டிக்கு வேணாம். 12 மில்லி மெலிசா இருக்குமேனு பயப்பட வேணாம், உள்ள குறுக்கால ரெண்டு கட்டை வெச்சி இறுக்கிட்டா பலகை அதிராது. ஸ்பீக்கர் உக்கார்ற பலகை மட்டும் ரெண்டு ஒட்டி 24 மில்லியா வெச்சிக்கங்க.

அடுத்தது ஸ்பீக்கர் எந்த பக்கம் பாக்கணும்ங்கறது. நான் கீழ பாக்க வெப்பேன். பாக்ஸுக்கு அடியில 3 செமீ கால் குடுத்தா பாக்ஸ் உயரம் 14 ஆயிடும், ஆனா நடுவுல இருக்கற 4 செமீ மேட்டுல மூணு அந்த கால்லயே அடங்கிடும், பாக்ஸுக்கு அடியில ஒரு செமீ மட்டும் வெட்டுனா போதும். இப்ப உள் அளவு 22 லிட்டர் சில்லறை, ஸ்பீக்கரும் உள் கட்டையும் அடைக்கற எடத்த கழிச்சா சுமாரா 20.7 லிட்டர் நிக்கும். ஒரு கன அடிங்கறது 28.3 லிட்டர், அப்ப உங்களது 0.73 கன அடி. ஷாலோ மவுன்ட்னு விக்கற மெலிசான 10 இஞ்ச் ஸ்பீக்கர்ல நெறைய பேருக்கு சீல்டு பாக்ஸ்ல இந்த அளவு நல்லா பொருந்தும். பொட்டி மேல ஒட்டியிருக்கற பேப்பர்ல சீல்டு வால்யூம்னு போட்டிருப்பாங்க, அது இந்த அளவுக்கு கிட்ட இருக்கானு பாத்து வாங்குங்க. மவுன்டிங் டெப்த், அதாவது ஸ்பீக்கர் பாக்ஸுக்குள்ள எறங்கற ஆழம், 10 செமீக்குள்ள இருக்கணும், பின்னாடி காந்தத்துக்கும் மேல் பலகைக்கும் ரெண்டு செமீயாவது காத்து போக வழி வேணும். சாதா 10 இஞ்ச் ஸ்பீக்கர் ஆழம் தாங்காது. 12 இஞ்ச் பேச்சே வேணாம், அதோட ஃப்ரேமே 31, 32 செமீ, உங்க தரையே 30 தான்.

போர்ட்டட் ஏன் வேணாம்னு சொல்றேன். 20 லிட்டர் பாக்ஸ 35 ஹெர்ட்ஸுக்கு டியூன் பண்ணணும்னா 3 இஞ்ச் பைப்பு அரை மீட்டர் நீளம் வரும். அந்த சின்ன பைப்புல காத்து புஸ்ஸு புஸ்ஸுனு எரையும், எரையாம இருக்க 4 இஞ்ச் போட்டா 90 செமீ தாண்டிடும், பாக்ஸே 80 தான். சின்ன எடத்துல போர்ட்டட்ங்கறது கணக்குல அடங்காது. அதுவும் இல்லாம டோலக்கு, கிக் டிரம் இதோட குத்து பெரும்பாலும் 50லேந்து 100 ஹெர்ட்ஸ் வாக்குல வரும், அந்த எடத்துல சீல்டு பாக்ஸ் டக்குனு அடிச்சி டக்குனு நிக்கும். அதுக்கும் கீழ போற சத்தம் பாக்ஸ்ல கொஞ்சம் கொஞ்சமா குறையும், ஆனா கண்ணாடி ஏத்தி மூடுன சின்ன கேபின் அத ஓரளவு தூக்கி குடுத்துடும். வீட்டு ஹால்ல கெடைக்காத சௌகரியம் அது.

இப்ப முக்கியமான ஒண்ணு. டேப் வெச்சி எடுத்த அந்த 17 செமீய நம்பாதீங்க. அது காலி சீட்டோட அளவு, ஆள் ஒக்காந்தா சீட்டு எறங்கும். அட்டைப் பொட்டிய வெட்டி ஒட்டி நெஜ அளவுலயே ஒரு டம்மி பாக்ஸ் செஞ்சி உள்ள வைங்க. வீட்ல சப்பாத்தி மாவு கெட்டியா பிசஞ்சி எலுமிச்சங்கா சைஸுல அஞ்சு உருண்டை, பாலித்தீன் கவர்ல சுத்தி நாலு மூலைலயும் நடுவுலயும் வெச்சி சீட்ட எறக்கி, வெயிட்டான ரெண்டு ஆள ஒக்கார வெச்சி நல்லா குலுங்க சொல்லுங்க. அப்பறம் சீட்ட தூக்கி ஒவ்வொரு உருண்டையும் எவ்ளோ தடிமனுக்கு நசுங்கியிருக்குனு அளங்க. ஒரு செமீக்கு கம்மியா எங்க நசுங்கியிருக்கோ அங்க கம்பி பாக்ஸ்ல இடிக்கப்போகுதுனு அர்த்தம். இத செய்யாம பலகைல ரம்பம் வைக்காதீங்க.


சுருக்கமா முடிப்போம்:

ஆசாரி அண்ணன் சொன்னது எல்லாம் கரெக்ட்டு, ஆனா இவருக்கு இவ்ளோ வேலை தேவையானு யோசிக்கணும். ரெடிமேடா சீட்டுக்கு அடியில வெக்கறதுக்குனே ஆம்ப்ளிஃபயரோட சேந்து வருதே, சோனி எக்ஸ்.எஸ்-ஏ.டபிள்யூ.8, பயனியர் டி.எஸ்-டபிள்யூ.எக்ஸ்.130, ஜே.பி.எல். பாஸ்ப்ரோ எஸ்.எல். மாதிரி. ஒரு சாப்பாட்டு தட்டு மேல இன்னொரு தட்ட கவுத்த மாதிரி மெலிசா இருக்கும், வயர் நாலு, ஒரு ஞாயித்துக்கிழமைல வேலை முடிஞ்சிடும். நான் என் வண்டில சோனி போட்டு ரெண்டு வருஷமா சந்தோஷமா கேக்கறேன்.

ஒண்ணே ஒண்ணு, பொட்டி மேல போட்டிருக்கற 160 வாட்ஸ் எல்லாம் பாத்து மயங்கிடாதீங்க, ஆர்.எம்.எஸ்., அதாவது விடாம குடுக்கற நெஜ பவர், எவ்ளோனு பாருங்க. சோனி 75, ஜே.பி.எல். 125. பாட்டுக்கு கீழ ஒரு மெத்தை போட்ட மாதிரி நெறவா இருக்கும், நெஞ்சுல குத்தற அடி வேணும்னா அது வராது, அத மறைக்க மாட்டேன். முன் சீட்டுக்கு அடியில வெச்சா மஞ்சள் கலர் கனெக்டர் எதையும் தொடாதீங்க, அது ஏர்பேக், சீட் பெல்ட் சம்பந்தப்பட்டது.


காசிமேட்டு வண்டி:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. ஆசாரி அண்ணே, கணக்க நோட்ல எழுதி ரெண்டு தபா போட்டு பாத்தேன், அதே வந்துச்சி. இது வரைக்கும் பாக்ஸுனா வெறும் மரப்பொட்டினு நெனச்சிகினு இருந்தேன், உள்ள இருக்கற காத்தும் ஸ்பீக்கரோட ஒரு பகுதினு இப்ப தான் புரியுது.

ரெடிமேட் பத்தி, நண்பா, எனக்கு வேலை கம்மினு பாத்தா அது தான் சரி. ஆனா அந்த மாதிரி டப்பால ஆம்ப்ளிஃபயரும் தரைலயே ஒக்காருது, எங்க வண்டி தரைல எப்பவும் ஈரம், கரண்டு சமாச்சாரம் அங்க இருந்தா எனக்கு நிம்மதி இல்ல. அதுவும் இல்லாம எனக்கு அந்த குத்து தான் வேணும்.

அண்ணே, ஸ்பீக்கர கீழ பாக்க வெச்சா நாளாவட்டத்துல கோன் (முன்னாடி ஆடற கூம்பு) தொங்கி போயிடும்னு இங்க ராயபுரத்துல ஒரு ஆடியோ மெக்கானிக் சொல்றாரு. நெஜமா? தரைல இருந்து தண்ணி தெறிச்சா?


பெரம்பூர் ஆசாரி:

தொங்கறது பத்தி கணக்கே இருக்கு தம்பி. ஸ்பீக்கரோட எஃப்.எஸ்., அதாவது கோன் தானா ஆடற ஹெர்ட்ஸ், எவ்ளோ கம்மியோ அவ்ளோ தொங்கும், 30 ஹெர்ட்ஸ் எஃப்.எஸ்.னா கால் மில்லிமீட்டர் சொச்சம். கோன் முன்னும் பின்னும் பல மில்லி ஆடற எடத்துல கால் மில்லி ஒண்ணும் பண்ணாது. 20 ஹெர்ட்ஸுக்கும் கீழ இருக்கற பெரிய பழைய ஸ்பீக்கருங்களுக்கு அந்த பேச்சு பொருந்தும், அவரு அந்த அனுபவத்துல சொல்லியிருப்பாரு.

தண்ணிக்கு, பேப்பர் கோன் வாங்காதீங்க, பாலிப்ரொப்பிலீன்ங்கற ப்ளாஸ்டிக் கோன், அத சுத்தி ரப்பர் சரவுண்ட் (ஓர வளையம்). அடியில இரும்பு கிரில் ஒண்ணு. கால் கட்டைய மரத்துல வெக்காம நைலான் கட்டைல வைங்க, மரத்துல ஏறற மாதிரி தண்ணி அதுல ஏறாது. ஆம்ப்ளிஃபயர பின் சீட்டு முதுகுக்கு பின்னாடி ஒசத்தி மாட்டுங்க.

பாக்ஸ சும்மா வெச்சிடாதீங்க. சடன் பிரேக் அடிச்சா பத்து பன்னெண்டு கிலோ பொட்டி கால்ல வந்து இடிக்கும், எல் கிளாம்பு போட்டு போல்ட் பண்ணணும். தரைல புதுசா ஓட்டை போடறதுக்கு முன்னாடி வண்டிக்கு அடியில படுத்து பாருங்க, பிரேக் பைப்பும் டீசல் பைப்பும் எங்க ஓடுதுனு. சீட் பெல்ட் போல்ட்ட மட்டும் கழட்டி அதுல கிளாம்பு மாட்டற வேலை வேணவே வேணாம், அம்மாவும் குழந்தைங்களும் ஒக்கார்ற சீட்டு.


ஜீரோ கேட் லைன்:

நான் டிரெய்லர் ஓட்டறேன், மணலிக்கும் ஹார்பருக்கும். இந்த தலைப்ப பாத்துட்டு லாரிக்காரங்களும் வருவாங்க, அவங்களுக்காக ஒரு விஷயம் சொல்லிடறேன், ஏன்னா நான் இதுல காசு விட்டவன்.

உங்க வி-கிராஸ் 12 வோல்ட்டு, பிரச்சனை இல்ல. எங்க வண்டிங்க 24 வோல்ட்டு, ரெண்டு 12 வோல்ட் பேட்டரி சீரிஸ்ல. ஆம்ப்ளிஃபயர் 12 வோல்ட்டுக்கு தானே வருது, நேரா குடுத்தா பொகஞ்சிடும், அதனால எனக்கு மாட்டி குடுத்த எலெக்ட்ரீசியன் ரெண்டுல ஒரு பேட்டரில இருந்து மட்டும் 12 எடுத்து குடுத்துட்டாரு. பாட்டு நல்லா தான் பாடிச்சி. ஆனா ஆல்டர்னேட்டருக்கு ரெண்டு பேட்டரியும் சேந்து ஒண்ணு தான், அது மொத்தமா 28 வோல்ட் தள்ளும். பாட்டு எடுக்கற பேட்டரி எப்பவும் பாதி சார்ஜ்லயே நிக்குது, சும்மா இருக்கற இன்னொண்ணு ஓவர் சார்ஜ் ஆவுது. அஞ்சு மாசத்துல ஒண்ணு தண்ணி வத்தி காஞ்சி போச்சு, இன்னொண்ணு சார்ஜே புடிக்கல. ராத்திரி ரெண்டு மணிக்கு எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல ஹார்பருக்கு நிக்கற லாரி லைன் நகந்தப்ப என் வண்டி ஸ்டார்ட் ஆவல, பின்னாடி முப்பது நாப்பது வண்டி ஹாரன் அடிக்குது, அந்த நேரத்த நெனச்சா இப்பவும் வேர்க்குது.

24ல இருந்து 12 எறக்கற டி.சி. கன்வர்ட்டர் போடுங்க, அது தான் வழி. 100 வாட்ஸ் ஆர்.எம்.எஸ். ஆம்ப்ளிஃபயர் முழு சத்தத்துல 12 வோல்ட்ல பத்து ஆம்பியர் இழுக்கும், 20 ஆம்பியர் கன்வர்ட்டர் போட்டா சூடாவாம ஓடும். நான் படுக்கற பலகைக்கு அடியில சீல்டு 8 இஞ்ச் வெச்சிருக்கேன், எனக்கு அது போதும். இன்ஜின் ஆஃப்ல ரொம்ப நேரம் ஓட்டாதீங்க.

தம்பி உனக்கும் ஒண்ணு. பேட்டரில இருந்து வர்ற வயர்ல ஃபியூஸ் பேட்டரி கிட்டயே இருக்கணும், ஒரு முழத்துக்குள்ள. ஆம்ப்ளிஃபயர் பக்கத்துல மட்டும் ஃபியூஸ் போட்டா நடுவுல வயர் தேஞ்சி பாடில பட்டுச்சினா வண்டியே எரியும். வயரு முழு காப்பர் வாங்கு. காப்பர் முலாம் பூசின அலுமினியம் கம்மி வெலைல கெடைக்கும், அதே தடிமன்ல கரண்டு கம்மியா தான் கடத்தும், அதுவும் நம்ம கடலோரத்து உப்பு காத்துக்கு முனை எல்லாம் வெள்ளையா பூத்துடும்.


கரையோரம் ஃபைபர்:

காசிமேட்டுல இருந்துகினு இத்த நீ கேக்காம விட்டுட்டியே தம்பி. நாங்க ஃபைபர் போட் ரிப்பேர் பண்றவங்க. கடல்லயே நாள் முழுக்க கெடக்கற போட்ட ஒழுகாம அடைக்கறோம், ஒரு பொட்டி எம்மாத்திரம்.

மொத்த பாக்ஸையும் ஃபைபர்லயே எடுக்கலாம்னு சில பேர் சொல்லுவாங்க. தரையோட வளைவுக்கு அச்சா ஒக்காரும், மேடு பள்ளத்துல வீணாப்போற எடமும் உள்ள சேரும், அது நெஜம். ஆனா எடுக்கறது சுலுவு இல்ல. 450 கிராம் மேட்டு (கண்ணாடி நாரு விரிப்பு) ஒரு லேயர் போட்டா காஞ்சதும் ஒரு மில்லி கிட்ட தான் தடிமன் வரும், பாக்ஸுக்கு ஆறு லேயராச்சும் வேணும். வளைஞ்ச எடத்துல ஃபைபர் இரும்பு மாதிரி நிக்கும், தட்டையா பெரிய எடம் வந்தா மொறத்த தட்டுன மாதிரி அதிரும். உன் பாக்ஸ் மேலயும் கீழயும் தட்டை தான். அதனால உனக்கு ஆசாரி சொன்ன ப்ளைவுட்டே சரி, அதுக்கு மேல நாங்க ஒரு வேலை பண்ணலாம்.

பொட்டிய ஆசாரி கிட்ட கட்டிகினு வா. வெளிப்பக்கம் முழுக்க, முக்கியமா அடிப்பலகையும் மூலை மூலையும், ரெசின் தடவி ஒரே ஒரு லேயர் மெலிசான மேட்டு போடுவோம். உள்ளயும் ஜாயின்ட்ல எல்லாம் ரெசின கொஞ்சம் கெட்டியா கலந்து ஊத்தி பொட்டிய சாச்சி சாச்சி ஓட விட்டா, ஆணி ஓட்டை கூட அடைஞ்சிடும். ஹார்ட்னர் அளவா விடணும், வெயில் காலத்துல ஜாஸ்தி விட்டா டப்பாலயே கட்டிக்கும், சூடேறி பொகையும். ஸ்பீக்கர் வெட்டுன வட்டத்தோட ஓரம், ஸ்க்ரூ எறங்கற ஓட்டை, இந்த ரெண்டும் ஜனங்க மறக்கற எடம். பலகையோட முகத்துல தண்ணி ஏறாது, வெட்டுன முனைல தான் ஏறும். போட்லயும் அதே தான், ஆணி அடிச்ச எடத்துல இருந்து தான் மரம் அழுவ ஆரம்பிக்கும்.

அப்பறம் ஒண்ணு, ரெசின் போட்ட உடனே வண்டில வெக்காத. அந்த வாடை மூடுன கேபின்ல தலைய சுத்தும், கொழந்தைங்க ஏறற வண்டி. வெயில்ல ஒரு வாரம் காயட்டும், மோந்து பாத்தா வாடை இல்லனா தான் உள்ள ஏத்தணும்.


பெரம்பூர் ஆசாரி:

ஃபைபர் அண்ணன் சொன்னது எனக்கே புது பாடம். நான் இத்தன நாள் வார்னிஷும் சன்மைக்காவும் தான் ஒட்டிகிட்டு இருந்தேன். வெட்டுன முனை பத்தி அவரு சொன்னது நூத்துக்கு நூறு, பலகை உப்பி வந்த பாக்ஸுங்கள பிரிச்சா எல்லாமே அந்த எடத்துல தான் உப்பியிருக்கும்.

ரெசின் போட்டாலும் காத்து அடைச்சிருக்கானு பாத்துடுங்க. ஸ்பீக்கர மாட்டிட்டு 30 ஹெர்ட்ஸ் டோன் கம்மியா ஓட விட்டு, ஊதுபத்திய கொளுத்தி ஜாயின்ட் ஓரமாவே கொண்டு போங்க. பொகை நேரா போகாம எங்க துடிக்குதோ அங்க ஓட்டை. உள்ள தலகாணிக்கு போடற ரெக்ரான் பஞ்சு முன்னூறு நானூறு கிராம் உதுத்து போடுங்க, பாக்ஸ் கொஞ்சம் பெருசான மாதிரி ஸ்பீக்கர் நடந்துக்கும். காந்தத்துக்கு பின்னாடி ஓட்டை இருந்தா அந்த எடத்துல பஞ்சு அண்டாம ஒரு வலை கட்டிடுங்க.


காசிமேட்டு வண்டி:

அஞ்சு வாரம் கழிச்சி வரேன். முடிஞ்சிடுச்சி, நடந்தத சொல்லிடறேன், யாருக்குனா ஒதவும்.

மொதல்ல மாவு. அம்மா கிட்ட சப்பாத்தி மாவு கேட்டா எதுக்குனு கேட்டாங்க, சொன்னதும் அவங்களே வந்து சீட்ல ஒக்காந்தாங்க, கூட எங்க போட்டு டிரைவர் அண்ணன், அவரு தொண்ணூறு கிலோ. மூலைல இருந்த நாலு உருண்டையும் ரெண்டு ரெண்டரை செமீ நின்னுச்சி. நடுவுல வெச்சது மட்டும் அப்பளம் மாதிரி ஆயிடுச்சி, ஸ்கேல் வெச்சி பாத்தா அஞ்சு மில்லி. சீட்டுக்கு அடியில நடுவுல ஒரு குறுக்கு கம்பி இருக்குது, அது ஆளு ஒக்காந்தா அவ்ளோ எறங்குது. டேப்ப நம்பி 14ல பாக்ஸ் செஞ்சிருந்தா வண்டி குலுங்கும்போது கம்பி பாக்ஸ்ல இடிச்சிருக்கும். உயரத்த 13 ஆக்கிட்டோம். கணக்கு திருப்பி போட்டா 18.7 லிட்டர், 0.66 கன அடி. அதுக்கு தகுந்த ஷாலோ 10 இஞ்ச், டெப்த் எட்டரை செமீ, ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுல நாலு கடை ஏறி எறங்கி வாங்குனேன். ரெண்டு கடைல 12 இஞ்ச் தான் எடுக்கணும்னு வற்புறுத்துனாங்க, நோட்ட காட்டுனேன், அப்பறம் பேசல.

ஆம்ப்ளிஃபயர் மோனோ (ஒரே சேனல்), 2 ஓம்ல 300 வாட்ஸ் ஆர்.எம்.எஸ். ஸ்பீக்கர்ல 4 ஓம் காயில் ரெண்டு (டூயல்), ரெண்டையும் பேரலல்ல குடுத்தா 2 ஓம். முழுசா இழுத்தா 27 ஆம்பியர் வரும்னு கணக்கு போட்டு 8 கேஜ் காப்பர், பேட்டரி பக்கத்துலயே 40 ஆம்பியர் ஃபியூஸ், ஜீரோ கேட் அண்ணன் சொன்ன மாதிரி ஒரு முழத்துக்குள்ள. கம்பெனி ஸ்டீரியோவ மாத்தல, ஸ்பீக்கர் வயர்ல இருந்தே சிக்னல் எடுத்துட்டோம். ஃபில்டர் 80 ஹெர்ட்ஸ்ல நிக்குது, அதுக்கு கீழ இருக்கற சத்தம் தான் இந்த ஸ்பீக்கருக்கு போவும்.

பொட்டிக்கு ஃபைபர் போட்டது எங்க ஏரியாவுலயே. எட்டு நாள் மாடில காஞ்சிது, தெனமும் போய் மோந்து பாத்துட்டு வருவேன். ஊதுபத்தி வெச்சப்ப வயர் வெளிய வர்ற எடத்துல மட்டும் பொகை துடிச்சிது, அங்க சிலிகான் வெச்சி அடைச்சோம்.

மொத நாள் போட்டு பாத்தப்ப ஒரு கரகரப்பு, எனக்கு உயிரே போயிடுச்சி, ஸ்பீக்கர் தான் கிழிஞ்சிடுச்சினு நெனச்சேன். ஒவ்வொண்ணா கைய வெச்சி அமுக்கி பாத்துகினே வந்தா ஜாக்கு. ஜாக்கு அதோட கிளாம்புல ஆடுது. சைக்கிள் டியூப் ஒரு துண்டு சுத்தி இறுக்குனதும் நின்னுடுச்சி.

மொத்தம் 23400 ஆச்சு. ஐஸ் தண்ணி இப்பவும் தரைல நிக்குது, பாக்ஸுக்கு அடியில பூந்து போவுது, தெனமும் டார்ச் அடிச்சி பாக்கறேன், பலகை முனை அப்படியே இருக்குது. நேத்து விடியக்காலைல லோடு ஏத்திட்டு கெளம்பும்போது கானா போட்டேன், மொத டோலக்கு அடி சீட்டு வழியா முதுகுல வந்து ஒக்காந்துச்சி. ஸ்டான்லி ஆஸ்பத்திரி கிட்ட வரும்போது சத்தத்த கொறைச்சிட்டேன், தாண்டுனதும் அதே பாட்ட மொதல்ல இருந்து வெச்சேன்.

ஆசாரி அண்ணே, ஃபைபர் அண்ணே, காசிமேடு பக்கம் வந்தா இங்கயே ஒரு மெசேஜ் போடுங்க. வண்டில ஒக்கார வெச்சி கேக்க வெக்கறேன், போவும்போது வஞ்சிரம் வாங்கிகினு தான் போவணும்.